பையன்களுக்குத் திறந்த ஒரே வாசல்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்குப் போனால், செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலையைப் பார்க்கலாம். ஆடி மாதத்தில் அவன் பெயரால் அரசு விழா நடக்கிறது. ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்தவன் என்று வன்பரணர் புறநானூற்றில் பாடிய வேட்டுவன்தான் ஓரி என்பது மரபு. ஆண் என்றால் யார் என்பதை அந்தச் சிலை மலைப் பையன்களுக்குச் சொல்லிவிடுகிறது. அந்தப் பையன்களின் மனதுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சொல்ல அதற்கு வாய் இல்லை.

சங்கப் பாடல்களுக்குள் பெண் குரலைத் தேடி நாம் நிறையப் படித்திருக்கிறோம். அதே பாடல்களில் பதின்ம வயதுப் பையன்களைத் தேடினால் என்ன கிடைக்கும்? தேடலைக் கொல்லிமலையிலிருந்தே தொடங்கலாம். அகமும் புறமும் இரண்டுமே இந்த மலையைப் பாடியிருக்கின்றன. இரண்டும் காட்டும் பையன்கள் வேறு வேறு.

முதலில் புறம். திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்குக் கொடுத்தான் என்கிறது அகநானூற்றின் 209ஆம் பாடல். பிறகு மலையமான் குடிக்கும் அதே கதி நேர்ந்தது. அக்குடியின் சிறுபிள்ளைகளைச் சோழன் கிள்ளிவளவன் பிடித்துவந்து யானைக் காலில் இடத் துணிந்தான். அப்போது குறுக்கே நின்றவர் புலவர் கோவூர் கிழார். யானையைப் பார்த்ததும் அந்தப் பிள்ளைகள் அழுகையை மறந்துவிட்டதையும், முன்பின் தெரியாத மன்றத்தைப் பார்த்து மருண்டதையும், இதுவரை அறியாத ஒரு துன்பம் அவர்கள் முகத்தில் தெரிந்ததையும் அவர் புறநானூறு 46இல் சொல்கிறார்.

புறப்பாடல்களில் ஆண்பிள்ளையின் பயம் இவ்வளவு பக்கத்தில் தெரிவது அரிது. அதுவும் யாருடைய பயம்? ஆயுதம் தூக்கும் வயது வராத, தோற்ற குடியின் குழந்தைகளுடையது. கொஞ்சம் வளர்ந்துவிட்டால் அந்த உரிமையும் போய்விடும்.

பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாருங்கள். தலையாலங்கானத்துப் போருக்குப் போகும்போது அவன் சிறுவன். கால் சதங்கையை இப்போதுதான் கழற்றினான், கழுத்தில் ஐம்படைத்தாலி இன்னும் கிடக்கிறது, பால் மறந்து சோறு உண்டதே இன்றைக்குத்தான் என்று கொஞ்சம் மிகைப்படுத்தியே பாடுகிறார் இடைக்குன்றூர் கிழார் (புறம் 77). அவர் எதை வியக்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிரிகள் திரண்டு வந்தபோது அந்தப் பையன் மலைக்கவில்லை. அவர்களைக் கொன்றபோது மகிழவுமில்லை. எதுவும் தோன்றாத முகம்தான் அவனுக்குக் கிடைத்த பாராட்டு.

அவன் பாடியதாகவே ஒரு பாடல் இருக்கிறது, புறம் 72. தன்னைச் சின்னப்பையன் என்று எள்ளியவர்களை வெல்லாவிட்டால் குடிமக்கள் தன்னைக் கொடுங்கோலன் என்று தூற்றட்டும், மாங்குடி மருதன் முதலான புலவர்கள் தன் நாட்டைப் பாடாமல் போகட்டும், இரப்பவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை தனக்கு வரட்டும் என்று வஞ்சினம் உரைக்கிறான். வகுப்பில் இது வீரம் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டது. இன்று படித்தால் கேலியில் காயம்பட்ட ஒரு பையனின் குரலாகவும் கேட்கிறது. வலிக்கிறது என்று அரசனால் சொல்ல முடியாது, சபதம் போடலாம். வலி கோபமாக மாறினால்தான் சபையில் அதற்கு இடம்.

இந்த அச்சை ஆண்கள் மட்டும் வார்க்கவில்லை. தாய்க்கும் தந்தைக்கும் கொல்லனுக்கும் அரசனுக்கும் கடமைகளைப் பங்கிட்டு, போரில் யானையை வீழ்த்தி வருவதைப் பையனின் கடமையாக வைத்தவர் பொன்முடியார். முன்னொரு நாள் போரிலும் மறுநாள் போரிலும் தன் ஆண்களை இழந்த பெண், ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, வெள்ளைத் துணி உடுத்தி, கையில் வேலைக் கொடுத்து அனுப்புவதைப் பாடியவர் ஒக்கூர் மாசாத்தியார். இருவரும் பெண்கள். எண்ணெய் தடவிய கையின் நடுக்கத்தை நாம் ஊகித்துக்கொள்ளலாம். அந்தப் பையன் பாடலில் ஒரு சொல்லும் பேசுவதில்லை. உ.வே. சாமிநாதையர் 1894இல் புறநானூற்றை அச்சேற்றிய பிறகு இந்த வீரத்தாய் பாடநூலுக்கும் மேடைக்கும் வந்தாள். தமிழக அரசியல் தாய் என்ற உருவத்தை எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்று சி.எஸ். லக்ஷ்மி (அம்பை) 1990இல் விரிவாக எழுதினார். தாயின் பக்கத்தில் வாய் மூடி நிற்கும் மகனையும் நாம் கேள்வி கேட்க வேண்டும்.

இனி அகம். இங்கே பையன் பேசுகிறான். அகத்தலைவனுக்கு வயது பதினாறு என்று வைக்கிறது இறையனார் களவியல் உரை. குறுந்தொகை 100இல் கபிலர் காட்டும் தலைவன், தன் காதலியை ஓரியின் கொல்லிமலையில் உள்ள பாவையோடு ஒப்பிட்டு, அவளை அடைவது அரிது என்று ஏங்குகிறான். அவன் தூங்காமல் இருக்கலாம், மெலியலாம், தன் நெஞ்சோடு புலம்பலாம். அப்போதும் ஒரு தோழன் வந்து, உன்னைப் போன்றவனுக்கு இது தகுமா என்று இடித்துரைப்பான். அந்தத் தோழனுக்கு மறுமொழி எழுதியவர் ஒரு பெண், வெள்ளிவீதியார் (குறுந்தொகை 58). வெயிலில் காயும் பாறையில் வெண்ணெய் உருகுகிறது. காவலிருப்பவனுக்குக் கையும் இல்லை, பேச்சும் இல்லை. கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறான். என் நோய் அப்படிப் பரவுகிறது என்கிறான் தலைவன். பையன்களின் உள்மனதைப் பற்றி இதைவிடத் துல்லியமான படத்தை நான் தமிழில் கண்டதில்லை.

ஆக, பயத்துக்கும் அவமானத்துக்கும் துக்கத்துக்கும் மரபு கதவை அடைத்தது. காதலுக்கு மட்டும் ஒரு வாசலைத் திறந்து வைத்தது. அந்த வாசலில் யார் நிற்கிறார்கள் என்பதால்தான் இது பெண்களின் வரலாறாகவும் ஆகிறது. காதல் கைகூடாத தலைவன் பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, அவள் உருவம் எழுதிய துணியை ஏந்தி, ஊர்நடுவே வருவதுதான் மடலேறுதல். ஏறுவேன் என்று சொல்வதே பல பாடல்களில் போதுமானதாக இருக்கிறது. அவன் துயரம் அவளுக்கு மிரட்டலாகிவிடுகிறது. பெண் மடலேறக் கூடாது என்று தொல்காப்பியம் விலக்கியிருப்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்றும் நம் பையன்களுக்கு ஊர் அனுமதிக்கும் அழுகை காதல் தோல்வி ஒன்றுதான். அதற்குப் பாட்டு உண்டு, தாடி உண்டு, தோள் கொடுக்கும் நண்பர்கள் உண்டு. பள்ளியில் பட்ட கேலிக்கும், அப்பாவின் குடிக்கும், பாட்டியின் சாவுக்கும் அழ அவனுக்கு இடம் இல்லை. அடைபட்டதெல்லாம் அந்த ஒரே வாசல் வழியாக ஒரு பெண்ணின் மீது போய் விழுகிறது. அவள் வேண்டாம் என்று சொன்னால் குற்றவாளி ஆகிறாள்.

கோவூர் கிழார் செய்தது சின்ன வேலை. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், பார்த்ததைச் சபையில் சொன்னார். வெள்ளிவீதியார் செய்ததும் அதுவே. மகன்களையும் தம்பிகளையும் மாணவர்களையும் அப்படிப் பார்க்கத் தொடங்கலாம். அது பெண்கள் மட்டும் சுமக்க வேண்டிய இன்னொரு வேலையாகிவிடக் கூடாது. இடித்துரைக்கும் அந்தத் தோழனும் அப்பாக்களும் இதைக் கற்றுக்கொள்ள வேண்டும்.