எந்த வயதில் எந்தப் பொறியியல்?

பாசிர் ரிஸ் அரங்கில் ஒரு பாட்டி எழுந்து கேட்டார்: "பேரனுக்கு ஆறு வயது. ரோபோ வகுப்புக்குப் போனாலே அழுகிறான். அவனுக்குப் பொறியியல் வராதா, தம்பி?"

இதற்கு நம் ஊர் வரலாறே பதில் சொல்கிறது. ஜூரோங்கில் அறிவியல் நிலையம் 1977இல் திறக்கப்பட்டது. 18 மாதம் முதல் 8 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கென அங்கே 'கிட்ஸ்ஸ்டாப்' வந்தது 2014இல்தான். உயர்நிலைப் பள்ளிகளுக்கான 'ஸ்டெம் இங்க்' பிரிவும் அதே ஆண்டில் உருவானது. தொடக்கநிலை மேல்வகுப்புகளில் 'கோட் ஃபார் ஃபன்' 2020 முதல் கட்டாயமானது. வயதுக்கொரு வாசல் திறக்க நாட்டுக்கே இத்தனை ஆண்டுகள் பிடித்தன.

"ஆறு வயதில் அட்டைப்பெட்டியில் பாலம் கட்டட்டும். விழுந்தால் ஏன் விழுந்தது என்று கேட்கட்டும். அதுவும் பொறியியல்தான். ரோபோ சில ஆண்டுகள் காத்திருக்கட்டும், அம்மா" என்றேன்.