மோர்பாத் கோயிலின் ஆட்டுக் கணக்கு

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில், எக்ஸ்மூர் மேட்டுநிலத்தின் தெற்கு ஓரத்தில் இருக்கிறது மோர்பாத். 16-ஆம் நூற்றாண்டில் சுமார் 33 குடும்பங்களே வாழ்ந்த சிற்றூர். அதன் புனித ஜார்ஜ் கோயிலைச் சிற்பவேலைக்காக யாரும் தேடிப் போவதில்லை. ஆனால் 1520 முதல் 1574 வரை அங்கே பங்குக்குருவாக இருந்த கிறிஸ்டோபர் ட்ரிக்கி எழுதிவைத்த வரவு செலவுக் கணக்கு, ஒரு பங்குக் கோயில் உண்மையில் யாருடையது என்பதைக் கல்லைவிடத் தெளிவாகச் சொல்கிறது. கோயிலுக்கென ஆடுகள் இருந்தன. வீட்டுக்கு ஒன்றிரண்டாக, அவரவர் மந்தையோடு சேர்த்து மேய்த்தார்கள். கம்பளி விற்ற காசில் சுரூபங்களின் முன் மெழுகுதிரி எரிந்தது. வாலிபருக்கு ஒரு நிதி, கன்னியருக்கு ஒரு நிதி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர்கள். கைம்பெண்கள்கூடக் கோயில் பொறுப்பை ஏற்றிருக்கிறார்கள். இதைப் பக்தி என்று மட்டும் சொன்னால் பாதியைத்தான் சொன்னதாகும்; ஓர் ஊர் தன்னைத் தானே ஆண்டு பழகிய முறை இது. எனவே மதச் சீர்திருத்தத்தின் பகுதியாக 1538-இல் சுரூபங்களின் முன் திரி ஏற்ற அரசின் தடை வந்தபோது ஆடிப்போனது வழிபாடு மட்டுமன்று, ஊரின் நிர்வாகமும்தான். பின்னர் ஆறாம் எட்வர்ட் மன்னர் காலத்தில் கோயில் ஆடுகளும் போயின, வருமானம் வற்றியது.

எழுதியவர் குருதானே, ஊர் பேசியதாக எப்படிக் கொள்வது என்று கேட்கலாம். நியாயமான ஐயம்தான், செயிண்ட் சிட்வெல் என்ற பெண் புனிதர் மீது அவருக்கிருந்த தனிப்பற்று ஏடெங்கும் தெரிகிறது. ஆனால் அந்தக் கணக்கு ஊரார் முன் உரக்கப் படிக்கப்பட்டது. கொடுத்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்கும் கணக்கில் கற்பனைக்கு அதிக இடமில்லை. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அரசு சொன்னதற்கெல்லாம் ஊர் தலையாட்டியதே, அப்படியானால் பற்று மேலோட்டமானது அல்லவா? 1549-இல் புதிய ஜெப நூலை எதிர்த்து மேற்கு மாவட்டங்கள் கிளர்ந்தபோது, எக்ஸீட்டருக்கு வெளியே இருந்த கிளர்ச்சியாளர் முகாமுக்கு இவ்வூர் ஐந்து இளைஞர்களை அனுப்பியது. அவர்களுக்கான செலவும் இதே ஏட்டில் இருக்கிறது என்று வரலாற்றாசிரியர் ஈமன் டஃபி 2001-இல் வெளியிட்ட ஆய்வில் காட்டினார். ராஜதுரோகத்துக்குப் பொதுப்பணத்தில் செலவு எழுதிய ஊரை மேலோட்டமானது என்பது கடினம்.

கிளர்ச்சி நசுக்கப்பட்ட பின் அவர்கள் பணிந்தார்கள். கத்தோலிக்கரான மேரி அரசியானதும், பல வீடுகளில் ஒளித்துவைத்திருந்த திருவுடைகளும் சுரூபங்களும் ஒவ்வொன்றாகக் கோயிலுக்குத் திரும்பின. யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்பதையும் ட்ரிக்கி கணக்கில் ஏற்றினார்.