செஞ்சிக் கோட்டையும் நாமும்

தேசிங்குராசன் கதையைக் கேளாத தமிழர் அரியர். தெருக்கூத்தாகவும் பாட்டாகவும் அக்கதை நம் பாட்டன்மாரோடு இந்தத் தங்கவயல் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. ஆயினும் அவ்வீரன் ஆண்ட கோட்டையின் வரலாற்றை நம்மில் பலர் அறியோம். ஆண்டுவிழா மலர் வாயிலாக அதனைச் சிறிது நினைவுகூர்வோம்.

திண்டிவனம் புகைவண்டி நிலையத்தில் இறங்கி மேற்கே பேருந்தில் சென்றால் செஞ்சியை அடையலாம். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து எழுப்பிய கோட்டை அது. இராசகிரி ஏறத்தாழ 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை நெருங்குமிடத்தில் பாறை பிளந்து ஆழ்ந்த பள்ளம் கிடக்கிறது. அதன்மேல் இட்ட பாலத்தை எடுத்துவிட்டால் பகைவர்க்கு வழியில்லை. உள்ளே நெற்களஞ்சியமும் சுனையும் உள. ஆதலின் முற்றுகைக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக்கோன் என்பார் முதலில் அரண் அமைத்தார் என்பது மரபு. அதே காலத்தில், 1196 முதல் 1198 வரை, பிரெஞ்சு நாட்டில் சேன் ஆற்றங்கரைக் குன்றின்மீது இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டு ஷாத்தோ கையார் என்னும் கோட்டையைக் கட்டினார். அவர் மறைந்தபின், 1204-இல் பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப்பு அதனைக் கைப்பற்றினார். மதில் எத்துணை உயர்ந்தாலும் கைமாறுதல் கோட்டைகளின் இயல்பு போலும்!

செஞ்சியோ பலமுறை கைமாறியது. விசயநகர நாயக்கர்கள் அதனை விரிவாக்கினர். 1649-இல் பீசப்பூர்ப் படையும், 1677-இல் சிவாசியும் அதனைப் பெற்றனர். சிவாசியின் மைந்தர் இராசாராம் அங்குத் தங்கி மொகலாயரை ஏறத்தாழ எட்டாண்டுகள் எதிர்த்து நின்றார். 1698-இல் சுல்பிகர்கான் அதனை வென்றார்.

1750 செப்டம்பரில், துய்ப்ளே புதுவையின் ஆளுநராயிருந்த காலத்து, புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஓரிரவில் கோட்டையைப் பிடித்தார். முகமதலியின் வீரர் வெளியே பொருது தோற்று உள்ளே ஓட, பிரெஞ்சுப் படை அவரைத் தொடர்ந்து வாயிலைத் தகர்த்து நுழைந்தது. பத்தாண்டுகளுக்கு மேல் அங்கே பிரெஞ்சுக் கொடி பறந்தது. 1761 சனவரியில் புதுவை வீழ்ந்தபின்னும் செஞ்சி நின்றது. ஏப்ரலில்தான் ஆங்கிலேயரிடம் பணிந்தது. புதுவைக் கடற்கரையில் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கல்தூண்கள் செஞ்சியிலிருந்து கொணரப்பட்டவை என்பர்.

நமக்கு அணுக்கமான செய்தியொன்றும் உண்டு. 1780-இல் ஐதரலியின் படை செஞ்சியைக் கைப்பற்றியது. அந்த ஐதரலி பிறந்த ஊர் எது? நம் பங்காருபேட்டை வட்டத்துப் பூதிக்கோட்டையே!

இனித் தேசிங்குக்கு வருவோம். அவன் இயற்பெயர் தேசுசிங்கு. வடக்கே புந்தேலகண்டத்து இராசபுத்திரன். தந்தை சொரூபசிங்கு இறந்தபின் செஞ்சிக்கு வந்து சில திங்களே ஆண்டான். திறை பாக்கி கேட்டு வந்த ஆற்காட்டு நவாபு சாததுல்லாகானை எதிர்த்து, 1714 அக்டோபர் 3-ஆம் நாள் போரில் மாண்டான். அப்போது அகவை இருபத்திரண்டு என்பர். அவன் உயிர்த்தோழன் ஓர் இசுலாமியன். மணப்பந்தலிலிருந்து எழுந்து போர்க்களம் சென்றானென்று கதை பாடும். உடன்கட்டை ஏறிய தேசிங்கின் மனைவி நினைவாகவே இராணிப்பேட்டை எழுந்ததென்பர்.

அன்பர்களே, சிந்திப்போம். எட்டாண்டு நின்று பொருத இராசாராமைப் பற்றித் தமிழ்ச் சிற்றூர்கள் பாடவில்லை. இரவோடிரவாய் வென்ற புஸ்ஸியைப் பாடவில்லை. வேற்று மொழி பேசி, நெடுந்தொலைவிலிருந்து வந்து, சில திங்கள் மட்டுமே இருந்த இளைஞனைப் பாடினர். அவன் வந்த மண்ணை விட்டு ஓடாமல் அதற்காகவே நின்றான் என்பதே காரணம் என நாம் கருதுகிறோம்.

பிறந்த நாடு விட்டுக் கன்னட நாட்டில் வாழும் நம் மக்கள், "நம் ஊர் எது?" என்று கேட்கின்றனர். செஞ்சி அதற்கு விடை கூறுகிறது. வந்தவன் எவ்விடத்தான் என்பதைவிட, வந்த இடத்துக்கு அவன் உண்மையாய் நின்றானா என்பதையே மண் நினைவில் கொள்கிறது. நாமும் தாய்மொழியை மறவாமல், வாழும் மண்ணுக்கு உண்மையாய் நிற்போமாக.

2025 சூலையில் மராத்தியரின் பன்னிரு கோட்டைகளுள் ஒன்றாகச் செஞ்சியும் உலக மரபுச் சின்னமாயிற்று. விடுமுறையில் ஊர் செல்லும் அன்பர்கள் ஒருநாள் ஒதுக்கித் தம் மக்களுடன் அதனைக் கண்டு வருவார்களாக!