மதுவுக்கு எதிராக ஒரு முறையீடு: நியூயார்க் சட்டமன்றமும் 28,000 கையொப்பங்களும்

மதுவிலக்கைப் பற்றி நம் மேடைகளில் உரையாற்றுவோர் அமெரிக்காவை எடுத்துக்காட்டுவது வழக்கம். 1920இல் நடைமுறைக்கு வந்த மதுவிலக்கு 1933இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. காவல்துறையும் நீதிமன்றங்களும் பெரும் பொருட்செலவும் சேர்ந்து 13 ஆண்டுகளில் சாதிக்க இயலாததை மதீனாவில் ஓர் இறைவசனம் ஒரே நாளில் சாதித்தது என்று கூறி முடிப்பார்கள். கூற்றில் பிழையில்லை. ஆனால் அந்த ஒரு நாளுக்குப் பின்னால் மக்காவிலும் மதீனாவிலும் கழிந்த பல ஆண்டுகள் இருந்தன என்பதை நாம் அறிவோம். தொடக்கத்திலேயே மது கூடாது என்று இறங்கியிருந்தால் மக்கள் அதை ஏற்க மறுத்திருப்பர் என்ற பொருளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கூறியது ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளது. அதுபோலவே அமெரிக்கர்களின் 1920க்குப் பின்னாலும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் கதை உண்டு. அது சட்டமன்றங்களின் வாயிலில் மனுக்களோடு நின்ற மக்களின் கதை. அதைப் படிக்காமல் முடிவை மட்டும் எடுத்துரைப்பது, ஒரு நூலின் கடைசித் தாளைப் படித்துவிட்டு நூலாசிரியருக்குத் தீர்ப்புக் கூறுவதை ஒக்கும்.

முறையீட்டு உரிமை

அரசாங்கத்திடம் குறை தீர்க்குமாறு முறையிடும் உரிமை, 1791இல் ஏற்கப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்திலேயே இடம்பெற்றது. வாக்குரிமை அன்று எல்லோருக்கும் இல்லை. பெண்களுக்கு அறவே இல்லை என்றே சொல்லலாம். ஆனால் மனு எழுத வாக்குச்சீட்டு தேவையில்லை. எனவே வாக்கில்லாதவர்களின் கையில் இருந்த ஒரே கருவியாக அது ஆயிற்று. மனுவின் வாசகத்தை அச்சிட்டு ஊர்தோறும் அனுப்புவார்கள்; கையொப்பமிட்ட தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி நீண்ட சுருளாக்கிச் சபைக்குக் கொண்டு சேர்ப்பார்கள். மனுவில் இன்னது வேண்டும் எனக் கேட்கும் பகுதியை ஆங்கிலச் சட்ட வழக்கில் ‘பிரார்த்தனை’ என்னும் சொல்லாலேயே குறிப்பர். பல மனுக்களில் ஆண்களும் பெண்களும் தனித்தனி வரிசையில் கையொப்பமிட்டனர். ஆண்களின் வரிசைக்குமேல் ‘சட்டப்படியான வாக்காளர்’ என்று எழுதப்பட்டிருப்பதும் உண்டு. இந்தப் பிரிவினை பின்னர் என்ன விளைவைத் தந்தது என்பதைக் காண்போம்.

இம்முறையைப் பேரளவில் கையாண்டவர்கள் அடிமைமுறை ஒழிப்பாளர்கள். 1830களில் அவர்களது மனுக்கள் காங்கிரஸில் வந்து குவிந்தன. 1836இல் பிரதிநிதிகள் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றியது: அடிமைமுறை பற்றிய எந்த மனுவும் அச்சிடப்படாது, குழுவுக்கு அனுப்பப்படாது, விவாதமின்றி ஒதுக்கி வைக்கப்படும். இந்த ‘வாய்ப்பூட்டு விதி’யை எதிர்த்து ஓயாது போராடியவர் ஜான் குயின்சி ஆடம்ஸ். நாட்டின் குடியரசுத் தலைவராக இருந்து இறங்கியபின் சாதாரண உறுப்பினராக அச்சபைக்கு வந்தவர் அவர். பெண்கள் அரசியல் மனுக்களில் கையொப்பமிடுவது அவர்களின் கடமைக்கு ஒவ்வாது என்று ஓர் உறுப்பினர் கூறியபோது, 1838இல் ஆடம்ஸ் பல நாள்கள் தொடர்ந்து பேசினார். வேதத்தில் வரும் டெபோராவையும் எஸ்தரையும் சுட்டி, பெண்கள் பொதுக் காரியத்தில் இறங்கியது எப்போது குற்றமாயிற்று என்று கேட்டார். அவ்விதி 1844 டிசம்பர் 3 அன்றுதான் நீக்கப்பட்டது.

மதுவும் சட்டமும்

மதுவுக்கு எதிரான மனுக்கள் இதே காலத்தில் மாநிலச் சட்டமன்றங்களை நோக்கிச் சென்றன. அன்றைய குடியின் அளவை இன்று கற்பனை செய்வதும் கடினம். 1830ஆம் ஆண்டளவில் 15 வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்கு ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 7 காலன் தூய ஆல்கஹால் செலவாகியது என வரலாற்றாசிரியர்கள் மதிப்பிட்டுள்ளனர். மேற்கிலிருந்த உழவர்களுக்கு மக்காச்சோளத்தைச் சந்தைக்குச் சுமந்து செல்வதைவிட, அதை வடித்து விஸ்கியாக அனுப்புவது எளிதாகவும் இலாபமாகவும் இருந்தது. பண்ணையிலும் பட்டறையிலும் வேலையாளுக்கு மது வழங்குவது வழக்கமாயிருந்தது. 1826இல் பாஸ்டனில் அமெரிக்க மதுவொழுக்கச் சங்கம் தோன்றியது. முதலில் அவர்கள் கேட்டது உறுதிமொழியே. மனிதர் தாமே விலகிக்கொள்ள வேண்டும் என்றனர். உறுதிமொழி மட்டும் போதாது எனக் கண்டபின்னரே சட்டத்தை நாடினர்.

மாசசூசெட்ஸ் சட்டமன்றம் 1838இல் ஒரு சட்டம் இயற்றியது: 15 காலனுக்குக் குறைவாக வடிமதுவைச் சில்லறையில் விற்கக் கூடாது. இதன் பொருள் யாது? பீப்பாய் கணக்கில் வாங்கி வீட்டில் வைக்க வல்ல செல்வந்தருக்குத் தடையில்லை. ஒரு குவளை வாங்கும் கூலியாளுக்கே தடை. எதிர்ப்பு மனுக்கள் பெருகின. டெடம் என்னும் ஊரில் ஒருவர் ஒரு பன்றியின் உடலில் வரிகள் தீட்டி, அதைக் காட்சிக்கு வைத்து, காண வந்தோரிடம் கட்டணம் பெற்று, மதுவை ‘இலவசமாக’ வழங்கினார். நாடே சிரித்தது. 1840இல் சட்டம் நீக்கப்பட்டது. மிகுதியாக அருந்தினால் போதை தருவது எதுவோ அதில் சிறிதளவும் விலக்கப்பட்டதே என்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் விதி, அளவை வைத்து ஆளைப் பிரிக்கும் இத்தகைய சூழ்ச்சிக்கு இடமளிக்கவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது.

மெய்ன் மாநிலம் வேறு வழியில் சென்றது. போர்ட்லாந்து நகரின் தோல் பதனிடும் தொழிலதிபர் நீல் டோ பல ஆண்டுகள் மனுக்களும் கூட்டங்களுமாக உழைத்ததன் விளைவாக, 1851 ஜூன் 2 அன்று முழு மதுவிலக்குச் சட்டம் அங்கு வந்தது. மருந்துக்கும் தொழிலுக்கும் மட்டுமே விலக்கு. நான்காண்டுகளில் பத்துக்கு மேற்பட்ட மாநிலங்கள் அதைப் பின்பற்றின. எனினும் 1855 ஜூன் 2 அன்று, நகரத் தலைவராயிருந்த அதே நீல் டோ மருத்துவத் தேவைக்கென நகர மன்றத்தில் இருப்பு வைத்த மதுவைக் காரணமாக்கிக் கூட்டம் திரண்டது. படையினர் சுட்டதில் ஒருவர் இறந்தார். மறு ஆண்டே சட்டம் நீக்கப்பட்டு, 1858இல் மீண்டும் வந்தது. இவ்வியக்கத்தாரில் பலருக்கு ஐரிஷ், ஜெர்மானியக் குடியேறிகள் மீதிருந்த வெறுப்பும் அதன் வேகத்தில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆல்பனியில் நடந்தது

நியூயார்க் மாநிலத்தின் கதையே நம் கவனத்தை மிகவும் ஈர்ப்பது. 1852 ஜனவரியில் ஆல்பனியில் கூடிய மதுவொழுக்க மாநாடு ஒன்றில், சூசன் பி. அந்தோணி என்ற ஆசிரியை பேச எழுந்தார். சகோதரிகள் அழைக்கப்பட்டது கேட்டுக் கற்றுக்கொள்ளவே அன்றிப் பேசுவதற்கன்று எனத் தலைமை அவரைத் தடுத்தது. அவர் வெளியேறினார். அவ்வாண்டு ஏப்ரலில் ராச்சஸ்டரில் பெண்களின் மாநில மதுவொழுக்கச் சங்கம் தொடங்கப்பட்டது. எலிசபெத் கேடி ஸ்டான்டன் அதன் தலைவரானார். மெய்ன் சட்டத்தைப் போன்றதொரு சட்டம் வேண்டி ஊர் ஊராகக் கையொப்பம் திரட்டினர்.

இப்பெண்களுக்கு மது வெறும் ஒழுக்கப் பிரச்சினை அன்று. அன்றைய ஆங்கில மரபுச் சட்டத்தின்படி, மணமான பெண்ணின் சட்ட ஆளுமை கணவனுடையதில் அடங்கிவிடும். 1848ஆம் ஆண்டுச் சட்டம் நியூயார்க்கில் மனைவியின் சொந்தச் சொத்தைக் காத்தது. அவளுடைய கூலியைக் காக்கவில்லை. அவள் துணி வெளுத்தும் தைத்தும் ஈட்டியதைக் கணவன் மதுக்கடையில் கொண்டு சேர்த்தால், அது அவன் பணமே. அவள் கேட்க வழியில்லை. பிள்ளைகளின் பொறுப்புரிமையும் தந்தைக்கே. ஆகவே குடியின் முழுச் சுமையும் அதைத் தடுக்க எந்த அதிகாரமும் இல்லாதவள் தலையில் விழுந்தது.

1853 ஜனவரியில் 28,000 கையொப்பங்களுடன் மனு ஆல்பனிச் சட்டமன்றத்தை அடைந்தது. அது தள்ளுபடியாயிற்று. மனுவில் சொல்லப்பட்டவை பொய் என யாரும் நிறுவவில்லை. மது தீங்கற்றது என வாதிடவும் இல்லை. கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும் என்பதே காரணமாகக் கூறப்பட்டது. எவர் பாதிக்கப்பட்டாரோ அவரே முறையிட்டார் என்பது மனுவின் வலிமையாக இருக்க வேண்டும். அதுவே அதன் குறையாக எண்ணப்பட்டது.

மனுவுக்குப் பின்

அந்த மறுப்பு அந்தோணிக்குப் பெரும் பாடமாக அமைந்தது. பெண்ணின் பெயருக்கு வாக்கின் எடை இல்லாதவரை அவள் கையொப்பத்திற்கும் எடை இல்லை என்று அவர் கண்டார். 1853இல் சங்கத்திலேயே பிளவு ஏற்பட்டு அவரும் ஸ்டான்டனும் விலகினர். 1854இல் மனைவியின் ஊதியமும் தாயின் பொறுப்புரிமையும் வேண்டிப் புதிய மனுக்களோடு அதே சட்டமன்றத்துக்கு வந்தனர். மீண்டும் மீண்டும் வந்து, 1860இல் மனைவியின் உழைப்பின் ஊதியம் அவளுக்கே உரியது என்ற சட்டத்தைப் பெற்றனர்.

மதுவிலக்கின் கதியோ வேறு. நியூயார்க்கில் 1854இல் ஒரு மசோதாவை ஆளுநர் சீமோர் மறுதலித்தார். அடுத்த ஆளுநர் 1855இல் கையொப்பமிட்ட சட்டத்தை 1856இல் மாநில உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 1873-74இல் ஒஹையோ முதலிய இடங்களில் பெண்கள் மதுக்கடை வாயில்களில் முழந்தாளிட்டு வேண்டினர். அதிலிருந்து 1874இல் பெண்களின் கிறித்தவ மதுவொழுக்க ஒன்றியம் பிறந்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான பிரான்சஸ் வில்லார்ட், மதுக்கடை உரிமம் பற்றிய முடிவில் பெண்களுக்கு வாக்கு வேண்டும் எனக் கோரி, ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட கையொப்பங்களை 1879இல் இல்லினாய் சட்டமன்றத்தில் வைத்தார். அதுவும் நிறைவேறவில்லை.

இறுதியில், மதுவிலக்குத் திருத்தம் 1919இல் ஏற்கப்பட்டது. பெண்களின் வாக்குரிமைத் திருத்தம் 1920இல் ஏற்கப்பட்டது. அந்தோணி அதைக் காண உயிரோடில்லை, 1906இலேயே மறைந்துவிட்டார். முந்தையது 1933இல் நீங்கியது. பிந்தையது இன்றும் நிற்கிறது. 28,000 பேர் கேட்டது நிலைக்கவில்லை. கேட்பவர் யார் என்று பார்த்து முறையீட்டைத் தள்ளலாகாது என்பதே நிலைத்தது.

நம் மரபும் நம் நடைமுறையும்

நம் மரபில் இவ்வினாவுக்கு விடை தொடக்கத்திலேயே கிடைத்திருக்கிறது. கணவர் ‘ளிஹார்’ செய்துவிட்டார் என்று கவ்லா பின்த் ஸஅலபா (ரலி) என்ற பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வாதிட்டார். அதே அறையிலிருந்த ஆயிஷா (ரலி) அவர்களுக்கே சில சொற்கள் கேட்கவில்லை. ஆனால் இறைவன் கேட்டான். 58ஆம் அத்தியாயம் அவரது முறையீட்டைக் கொண்டே தொடங்குகிறது. அதன் பெயரும் அவரைக் குறித்ததே. பின்னாளில் கலீஃபா உமர் (ரலி) வீதியில் அம்மூதாட்டிக்காக நெடுநேரம் நின்றார்கள்; இறைவனே செவிமடுத்தவரின் சொல்லை உமர் கேட்காதிருப்பதா என்ற கருத்தில் விளக்கமும் தந்தார்கள்.

அநீதி பற்றிய முறையீட்டைக் கேட்கும் ‘மளாலிம்’ மன்றம் பற்றி இமாம் மாவர்தீ ‘அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில் தனி அத்தியாயமே எழுதியிருக்கிறார். அதில் ஒரு நிகழ்ச்சி: கந்தலுடுத்திய ஒரு பெண் கலீஃபா மஃமூனின் மகன் அப்பாஸ் மீதே வழக்குரைத்தாள். வாதத்தில் அவள் குரல் உயர்ந்தபோது அவையினர் அவளை அதட்டினர். அவளை விட்டுவிடும்படியும், உண்மைதான் அவளைப் பேச வைக்கிறது என்றும் மஃமூன் கூறி, அவளுடைய நிலத்தை மீட்டுக் கொடுத்தார். மனைவியின் பொருளும் ஈட்டமும் அவளுக்கே உரியவை என்பதும் ஷரீஅத்தில் முடிந்த முடிவு. நியூயார்க் பெண்கள் 1860 வரை போராடிப் பெற்றதை நம் பெண்கள் பிறப்பிலேயே பெற்றுள்ளனர் என்று நாம் பெருமிதத்தோடு எழுதுகிறோம். உண்மைதான்.

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இக்கட்டுரையை முடிக்க என் மனம் ஒப்பவில்லை. நான் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், கணவனின் குடியால் நொந்த ஒரு பெண்மணி தம் ஊர் ஜமாஅத்துக்கு மனு எழுதித் தருமாறு என்னிடம் வேண்டினார். பீடி சுற்றிச் சேர்த்த பணத்தைக் கணவன் எடுத்துச் சென்றுவிடுவதாக அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கொடுத்தேன். கூட்டத்தில் மனு பிரிக்கப்பட்டது. கீழே அவருடைய கைநாட்டு மட்டுமே இருந்தது. தகப்பனோ சகோதரனோ வந்து பேசட்டும் என்று சொல்லி மடித்து வைத்துவிட்டார்கள். நானும் அங்கே அமர்ந்திருந்தேன். கவ்லா (ரலி) அவர்களின் வரலாற்றை அந்த வாரம்தான் மாணவர்களுக்குப் பாடமாக நடத்தியிருந்தேன். ஆயினும் வாய் திறக்கவில்லை.

ஆல்பனியில் 1853இல் சொல்லப்பட்ட காரணத்திற்கும் அன்று எங்கள் ஊரில் சொல்லப்பட்ட காரணத்திற்கும் வேறுபாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களிடம் சட்டம் இல்லை, அதனால் தள்ளினார்கள். நம்மிடம் சட்டம் இருந்தும் தள்ளினோம். இரண்டில் எது பெரிய குற்றம் என்பதை, அமெரிக்க மதுவிலக்கின் தோல்வியை மேடையில் எடுத்துரைக்குமுன் நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வது நல்லது. முறையிடுவோரின் குரலைச் செவிமடுக்கும் உள்ளத்தை வல்ல இறைவன் நமக்கு அருள்வானாக.