கல்லீரல் சீழ்க்கட்டி

கல்லீரலின் திசு அழிந்து, அந்த இடத்தில் சீழ் தேங்கும் நோய். பேச்சு வழக்கில் ‘ஈரல் கட்டி’, வார்டில் ‘லிவர் ஆப்சஸ்’. இது புற்றுக்கட்டி அல்ல என்பதை நோயாளியின் வீட்டாரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. அமீபாவால் வருவது, பாக்டீரியாவால் வருவது என இரண்டு பெரும் வகைகள் உண்டு. இந்திய, இலங்கை மருத்துவமனைகளில் நெடுங்காலம் பேசப்பட்டது அமீபா வகையே. குளிர்காய்ச்சல், வலது விலாவுக்கு அடியில் வலி, தொட்டால் கூசும் ஈரல் ஆகியவை அடையாளங்கள். சிலருக்கு வலது தோளில் வலிக்கும். உதரவிதானத்துக்கான நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருவதே காரணம். இது தெரியாமல் தோளுக்குத் தைலம் தேய்த்து நாளைக் கடத்துவதும் நடக்கும்.

பழங்காலச் செய்திகள் குறைவு. ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் நூல் சீழின் நிறத்தை வைத்தே முடிவைச் சொல்கிறது: வெளுத்துத் தெளிந்திருந்தால் பிழைப்பார், எண்ணெய்க் கசடு போலிருந்தால் பிழைக்க மாட்டார். சுசுருத சங்கிதை உடலுக்குள் தோன்றும் ‘வித்ரதி’ என்னும் கட்டிகளின் இடங்களில் யகிருத் எனப்படும் கல்லீரலையும் சேர்க்கிறது. இவை இன்றைய அமீபாக் கட்டியைக் குறித்தனவா என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஆவணங்கள் பெருகுவது 19-ஆம் நூற்றாண்டில்தான். கோட்டைக்குள் 1664-இல் தொடங்கி, 1772-இல் இன்றைய இடத்துக்கு வந்த சென்னைப் பொது மருத்துவமனைக்கு இதில் தனி இடமுண்டு. அங்கே பணியாற்றிய ஜேம்ஸ் ஆன்ஸ்லி, இந்தியாவில் பரவலாகக் காணப்பட்ட நோய்களைப் பற்றி 1828-இல் வெளியிட்ட பெருநூலில், நோயுற்ற ஈரலையும் குடலையும் வண்ணப் படங்களாகவே அச்சிட்டார். நுண்ணோக்கி வார்டுக்கு வராத காலம். பிணப் பரிசோதனை மேசையில் கண்ணால் கண்டதே சான்று. சீதபேதியும் ஈரல் கட்டியும் ஒரே உடலில் சேர்ந்து வருவதை ஆன்ஸ்லி கவனித்திருந்தார். படங்களில் இருந்த துல்லியம் சிகிச்சையில் இல்லை. இரத்தம் வடித்தல், அட்டை விடுதல், பாதரசம் சேர்ந்த கலோமெல் என்று அக்கால வழக்கமே தொடர்ந்தது.

சீதபேதி, ஈரல் கட்டி இரண்டில் எது முந்தியது என்பது பெரும் வழக்காயிற்று. ஈரல் கெட்டுப் பித்தம் கெடுவதால் குடல் புண்ணாகிறது என்றது ஒரு கட்சி. தேம்ஸ் நதியில் நின்ற ‘டிரெட்நாட்’ என்ற மாலுமிகள் மருத்துவமனைக் கப்பலில் பணியாற்றிய ஜார்ஜ் பட், 1845-இல் இதைத் திருப்பிப் போட்டார்: குடல் புண்ணிலிருந்தே நச்சு இரத்தத்தின் வழியே ஈரலை அடைகிறது. பின்னாளில் நிலைத்தது இக்கருத்துதான்.

அமீபாவை முதலில் கண்டவர் யார் என்பதிலும் ஒருமித்த கருத்தில்லை. 1859-இல் பிராகில் லாம்பிள் கண்டதாகச் சொல்வோர் உண்டு. தெளிவாக விவரித்தவர் என 1875-இல் பீட்டர்ஸ்பர்க்கின் லோஷைப் பலரும் ஏற்பர். ஆனால் அமீபாவே சீதபேதிக்குக் காரணம் என்று அவர் துணிந்து சொல்லவில்லை. 1880-களில் அலெக்சாந்திரியாவில் கார்ட்டுலிஸ் ஈரல் சீழிலும் அமீபாவைக் கண்டார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையிலிருந்து 1891-இல் கவுன்சில்மனும் லஃப்ளரும் எழுதிய பிறகே ‘அமீபாக் கட்டி’ என்ற பெயர் ஊன்றியது.

இந்தச் சீழுக்குத் துர்நாற்றம் பெரும்பாலும் இராது. சிவப்புக் கலந்த பழுப்பு நிறம், குழைந்த பதம். உண்மையில் இது சீழே அல்ல, கரைந்துபோன ஈரல். ஆங்கிலப் பாடநூல்கள் ஆன்சோவி என்னும் நெத்திலி இன மீனின் சாஸை இதற்கு உவமை காட்ட, அந்தச் சாஸை ருசித்தறியாத தலைமுறைகள் தேர்வுத்தாளில் அதையே எழுதி மதிப்பெண் பெற்றன. நம் நெத்திலிக் குழம்புக்கும் அந்த நிறத்துக்கும் பொருத்தமில்லை என்பதையும் இங்கே குறித்து வைக்கலாம்.

கட்டியை அகலக் கீறித் திறந்து விடுவதே அக்கால அறுவை முறை. திறந்த புண்ணில் வெளிக்கிருமி புகும். அறுவைக்குட்பட்டோரில் பாதிக்கு மேல் இறந்ததாகப் பழைய கணக்குகள் சொல்கின்றன. கல்கத்தாவில் லியோனார்டு ராஜர்ஸ் இதை எதிர்த்தார். அமீபா சீழின் நடுவில் அதிகம் இல்லை, கட்டியின் சுவரில்தான் உயிரோடிருக்கிறது என்பது அவர் வாதம். எனவே ஊசியால் உறிஞ்சினால் போதும், சுவரில் இருப்பதை மருந்தால் கொல்ல வேண்டும் என்றார். கட்டிக்குள் குயினைன் செலுத்திப் பார்த்தார். இபிகாக் என்னும் பிரேசில் நாட்டு வேர் சீதபேதிக்கு முன்பே வழக்கில் இருந்தது. வாந்தி எடுக்கவைக்கும் மருந்தை வாந்தி எடுக்காமல் உட்கொள்ள வேண்டும் என்பதே நோயாளிக்குப் பெரும் சோதனை. அந்த வேரின் சாரமான எமெட்டின் அமீபாவைக் கொல்லும் என்று மணிலாவிலிருந்து வெடர் காட்டியிருந்தார். அதை 1912-இல் ஊசியாகச் செலுத்தி ராஜர்ஸ் வயிற்றைத் தப்பவைத்தார்.

எமெட்டின் இதயத்தைத் தாக்கக்கூடியது. நாளுக்கு 60 மில்லிகிராமுக்கு மேற்படாமல், ஏறத்தாழ 10 நாள். அதுவரை நோயாளி படுக்கையை விட்டு எழக்கூடாது, செவிலியர் நாடி பார்த்தபடி இருப்பார். அரை நூற்றாண்டு இதுவே நடைமுறை. நடுவில், 1940-களின் இறுதியில் குளோரோகுயினும் சேர்ந்தது.

பாக்டீரியா வகைக்கு 1938-இல் ஆக்ஸ்னரும் டிபேக்கியும் 47 நோயாளிகளை ஆராய்ந்து எழுதியது அடிப்படைக் கட்டுரையாயிற்று. 1980-களிலிருந்து தைவானில் கிளெப்சியெல்லா என்னும் பாக்டீரியாவால் வரும் வகை, குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளிடம், கவனத்துக்கு வந்தது.

டர்பனிலிருந்து 1966-இல் பவல் குழுவினர் மெட்ரோனிடசோல் என்னும் மருந்தைப் பற்றி எழுதியதோடு எமெட்டினின் காலம் முடியத் தொடங்கியது. இன்று பெரும்பாலோருக்கு மாத்திரையோ டிரிப்ஸோ போதும். சில நாளில் காய்ச்சல் இறங்கும். குடலில் மிஞ்சியதை அழிக்கத் தனி மருந்து உண்டு. உறிஞ்ச வேண்டுமா என்பதில் மருத்துவர்கள் இன்னும் வேறுபடுகின்றனர். கட்டி மிகப் பெரிதாக இருந்தாலோ, மருந்துக்கு அடங்காவிட்டாலோ, இதயத்துக்கு அருகே இடது மடலில் இருந்தாலோ தயக்கம் குறையும். கட்டி நுரையீரலுக்குள் உடைந்து, பழுப்புச் சீழை இருமித் துப்பியே தேறியவர்களும் உண்டு.

நோயாளிகளில் ஆண்களே மிகுதி. காரணம் தெளிவாகவில்லை. யாழ்ப்பாணத்தில் பனங்கள் அருந்துவோரிடம் அதிகம் காணப்படுவதால் கள்ளின் மேல் பழி விழுந்தது. கள்ளில் அமீபா இருக்கிறதா, மது ஈரலைத் தளர்த்துகிறதா என்பது முடிவுறாத விவாதம். மெட்ரோனிடசோல் எடுக்கும்போது மது கூடாது என்ற எச்சரிக்கை மட்டும் எல்லா வார்டிலும் ஒலிக்கிறது.

குணமான பின்னும் கட்டி இருந்த குழி ஸ்கேனில் பல மாதம் தெரியும். நன்றாகச் சாப்பிட்டு நடமாடுபவர், அறிக்கைத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் வெளிநோயாளர் வரிசையில் நிற்பது இதனால்தான்.