ஆம்பூர் வட்டாரக் காலணியின் அமைப்பும் வரலாறும்

பாலாற்றங்கரையிலுள்ள ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தமிழகத்தின் முக்கியத் தோல் தொழில் மையங்கள். இவை முதலில் ஏற்றுமதி செய்தது காலணியை அல்ல, தோலை. ஆவாரம் பட்டையால் பதனிட்ட அத்தோல் வணிகத்தில் ‘கிழக்கிந்தியத் தோல்’ எனப்பட்டது.

1972இல் சீதாராமையா குழு அளித்த பரிந்துரையைத் தொடர்ந்து, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்கு 1973இல் இந்திய அரசு கட்டுப்பாடு விதித்தது. அதன்பின் இவ்வட்டாரம் முழுதும் பதனிட்ட தோல், காலணி மேற்பகுதி, முழுக்காலணி எனப் படிப்படியாக முன்னேறியது.

காலணியின் மேற்பகுதியை மர அல்லது பிளாஸ்டிக் அச்சின்மேல் இழுத்து, சூடேற்றிப் படியவைப்பர். பட்டையிட்ட தோல் விறைப்பானது. சூட்டில் எளிதில் சுருங்கும். குரோமிய உப்பால் பதனிட்ட தோல் நன்கு வளையும். கொதிநீர்ச் சூட்டையும் தாங்கும். எனவே மேற்பகுதிக்குக் குரோம் தோலே பெரிதும் பயன்படுகிறது.

ஆனால் ஆலைக் கழிவுநீரிலிருந்த உப்பும் குரோமியமும் பாலாற்றையும் கிணறுகளையும் விளைநிலங்களையும் கெடுத்தன. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தில் இது முன்னோடித் தீர்ப்பாகக் கருதப்படுகிறது.