198 கி.மீ. மட்டுமே ஓடிய காருக்கு ரூ.1.5 கோடி! ‘ஓடாத’ பழைய பெர்ஃபார்மன்ஸ் கார்கள் அந்த விலைக்கு தகுதியானவையா?

அமெரிக்காவின் ‘பிரிங் எ டிரெய்லர்’ ஆன்லைன் ஏலத்தில் 2022-ம் ஆண்டு ஹோண்டா எஸ்2000 சிஆர் கார் ஒன்று 2 லட்சம் டாலருக்கு விற்பனையானது. அன்றைய மதிப்பில் சுமார் ஒன்றரை கோடி ரூபாய். 2009-ல் புதிதாக ஷோரூமில் இருந்து வந்தபோது இந்த மாடலின் விலை சுமார் 36 ஆயிரம் டாலர்தான். பிறகு எப்படி இந்த விலை? காரணம் ஒன்றே ஒன்று. 13 வருடத்தில் அந்த கார் ஓடியிருந்தது வெறும் 123 மைல், அதாவது 198 கிலோமீட்டர்.

ஃபெராரியோ லம்போர்கினியோ அல்ல, ஒரு ஹோண்டா காருக்கு இவ்வளவா? ஓடாமல் நின்ற காருக்கு இத்தனை விலை கொடுப்பது நியாயம்தானா? விரிவாகப் பார்க்கலாம்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். நம்மூரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும் என்று அர்த்தம். இங்கே பேசுவது அது இல்லை. ஓடோமீட்டரில் காட்டும் மொத்த ஓட்டத்தைத்தான் அமெரிக்கா, பிரிட்டன் சந்தையில் மைலேஜ் என்கிறார்கள். ‘லோ மைலேஜ்’ என்றால் குறைவாக ஓடிய கார்.

‘மாடர்ன் கிளாசிக்’னா என்ன?

1930-களின் ரோல்ஸ் ராய்ஸ் போன்றவை விண்டேஜ் கார்கள். மாடர்ன் கிளாசிக் அப்படி இல்லை. பெரும்பாலும் 1980-களில் இருந்து 2000-களின் இறுதி வரை வந்தவை. டொயோட்டா சுப்ரா, ஹோண்டா எஸ்2000, அக்யூரா இன்டெக்ரா டைப் ஆர், பிஎம்டபிள்யூ எம்3, ஃபோர்டு சியரா காஸ்வொர்த் எல்லாம் இந்த ரகம். இன்றைய சாலையிலும் வசதியாக ஓட்டலாம். ஆனால் இனி இப்படி ஒரு கார் வராது என்ற நிலைக்கு வந்துவிட்டவை.

ஏன் இவ்வளவு கிராக்கி?

மூன்று காரணங்கள் சொல்லலாம்.

முதலாவது, தலைமுறை. 1990-களில் சுவரில் கார் போஸ்டர் ஒட்டியவர்கள், கிரான் டூரிஸ்மோ வீடியோ கேம் ஆடியவர்கள், ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் பார்த்து வளர்ந்தவர்கள் இன்று 40-களில் இருக்கிறார்கள். அன்று ஆசை மட்டும் இருந்தது, இன்று கையில் காசும் இருக்கிறது.

இரண்டாவது, தொழில்நுட்பம். மேனுவல் கியர், டர்போ இல்லாமல் 9 ஆயிரம் ஆர்பிஎம் வரை சுற்றும் எஞ்சின் எல்லாம் புதிய கார்களில் அரிதாகிவிட்டன. எலெக்ட்ரிக் கார் காலத்தில் இவை திரும்ப வரப்போவதில்லை.

மூன்றாவது, எண்ணிக்கை. அமெரிக்காவுக்காக தயாரான எஸ்2000 சிஆர் கார்கள் 699 மட்டுமே. ஃபோர்டு சியரா ஆர்எஸ்500 காஸ்வொர்த் மொத்தமே 500-தான். அதில் விபத்து, திருட்டு, ரேஸ், மாடிஃபிகேஷன் எல்லாம் போக, கம்பெனியில் இருந்து வந்தபடியே மிஞ்சியிருப்பவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். இதனால்தான் 5,192 மைல் மட்டுமே ஓடிய ஒரு ஆர்எஸ்500, 2023-ல் பிரிட்டனின் சில்வர்ஸ்டோன் ஏலத்தில் 5,96,250 பவுண்டுக்குப் போனது.

கேட்கும் விலை வேற, விற்ற விலை வேற

இந்த ஏலச் செய்திகள் வந்ததும் என்ன நடக்கிறது? அதே மாடலை வைத்திருக்கும் எல்லோரும் ‘என் காரும் அதே விலைதான்’ என்று விளம்பரம் போடுகிறார்கள். குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. ஏலத்தில் முடிந்த விலைதான் சந்தை. ஆறு மாதமாக அதே விலையில் அதே விளம்பரம் நிற்கிறது என்றால், அந்த விலைக்கு ஆள் இல்லை என்றே அர்த்தம்.

ஏல விலையையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2019 மார்ச்சில் அமெலியா ஐலண்டில் நடந்த ஆர்எம் சோதபிஸ் ஏலத்தில், சுமார் 11,200 மைல் ஓடிய 1994 டொயோட்டா சுப்ரா டர்போ 1,73,600 டாலருக்கு விற்றதாக செய்தி வந்தது. அதில் ஏலத் தொகை மீதான 12 சதவீத கமிஷனும் சேர்ந்திருக்கிறது. கமிஷன் சேர்க்காமல் ஏலத்தில் முடிந்த தொகை 1,55,000 டாலர்தான்.

இன்னொன்று, பெயர். அதே 1994 சுப்ரா, ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ் படத்தில் பால் வாக்கர் ஓட்டிய ஆரஞ்சு நிற கார், 2021-ல் பேரட் ஜாக்சன் ஏலத்தில் 5,50,000 டாலருக்கு விற்றது. இளவரசி டயானா பயன்படுத்திய ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் டர்போ 2022-ல் 6,50,000 பவுண்டுக்கு ஏலம் போனது. அது ஓடியிருந்தது சுமார் 25 ஆயிரம் மைல். இங்கே விலை ஓட்டத்துக்கு இல்லை, ஓட்டியவருக்கு. இதையெல்லாம் காட்டி பக்கத்து தெரு சுப்ராவுக்கு விலை சொல்ல முடியாது.

ஓடாத கார் புது காரா?

பலரும் ஏமாறும் இடம் இதுதான். கிலோமீட்டர் ஏறவில்லை என்பதால் காருக்கு வயசு ஏறவில்லை என்று ஆகிவிடாது. எஞ்சினின் இரும்பு தேயாமல் இருக்கலாம். ஆனால் ரப்பர், ஆயில், பெட்ரோல் எல்லாம் ஓட்டத்தைப் பார்ப்பதில்லை, காலண்டரைத்தான் பார்க்கும்.

பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அதனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோல் டேங்கிலேயே கெட்டுப்போய், ஃபியூல் பம்ப், இன்ஜெக்டர் வரை பாதிக்கும். ஆயில் சீல்கள் காய்ந்து, கார் ஓட ஆரம்பித்ததும் கசிய ஆரம்பிக்கும். ஹோஸ் பைப்புகள் வெடிப்பு விடும்.

டைமிங் பெல்ட்டுக்கும் வருடக் கணக்கு உண்டு. 1990-களின் ஃபெராரி எஃப்355-ல் இந்த பெல்ட்டை மாற்ற எஞ்சினையே வெளியே இறக்க வேண்டும். ‘ரொம்ப கம்மியா ஓடின கார் சார்’ என்று வாங்கியவருக்கு, முதல் வருட சர்வீஸ் பில் வந்ததும்தான் உண்மை புரியும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது டயர். ஓடாத காரில் டயரின் பட்டன் புதுசு போலவே இருக்கும். உள்ளே ரப்பர் இறுகிப் போயிருக்கும், சாலையில் பிடிப்பு இருக்காது. ‘கம்பெனி டயரோட இருக்கு’ என்பதையே சிலர் பெருமையாகச் சொல்லி விலை ஏற்றுவார்கள். காட்சிக்கு வைக்க சரி, ஓட்டுவதற்கு அது எமன்.

இதற்கு உலகமே அறிந்த உதாரணம் உண்டு. 2013 நவம்பர் 30-ம் தேதி கலிஃபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும், காரை ஓட்டிய அவரது நண்பரும் விபத்தில் உயிரிழந்தனர். அந்த கார் 2005 மாடல் போர்ஷே கரேரா ஜிடி. விபத்துக்கு அதிவேகமே காரணம் என 2014 மார்ச்சில் விசாரணை அதிகாரிகள் அறிவித்தனர். கூடவே இன்னொன்றையும் சொன்னார்கள். காரின் டயர்கள் 9 வருடம் பழையவை, அதனால் கையாளும் தன்மை குறைந்திருக்கலாம் என்பதுதான் அது.

அதே கரேரா ஜிடி கார்களை, சஸ்பென்ஷன் மூட்டுகளில் கண்ட குறையால், சரிசெய்யும் வரை ஓட்டவே வேண்டாம் என 2023-ல் போர்ஷே நிறுவனமே உரிமையாளர்களிடம் கேட்டுக்கொண்டது. பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை போகும் காருக்கே இந்த நிலைமை.

மீட்டரில் இருக்கும் எண்ணை நம்பலாமா?

ஒரு எண்ணுக்காக இவ்வளவு பணம் கொடுக்கும்போது, அந்த எண்ணில் விளையாட்டு நடக்கவும் வாய்ப்பு அதிகம். அமெரிக்காவில் மீட்டரைத் திருத்துவது குற்றம். ஆனால் கார் கைமாறும்போது ஓட்டக் கணக்கை எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற மத்திய அரசின் விதி, 2010 மற்றும் அதற்கு முந்தைய மாடல்களுக்கு இப்போது பொருந்தாது. அதாவது மாடர்ன் கிளாசிக் கார்களில் பெரும்பாலானவை இந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன.

பிரிட்டனில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. அங்கே ‘எம்ஓடி’ எனும் வருடாந்திர தகுதிச் சோதனை உண்டு. ஒவ்வொரு சோதனையிலும் மீட்டர் அளவு பதிவாகும். 2005 முதலான பதிவுகளை யார் வேண்டுமானாலும் ஆன்லைனில் இலவசமாகப் பார்க்கலாம். கணக்கு இடையில் குறைந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.

காகிதம் இல்லாத இடத்தில் காரே சாட்சி சொல்லும். 8 ஆயிரம் மைல் ஓடிய காரில் பிரேக் பெடல் ரப்பர் வழவழப்பாகத் தேய்ந்திருந்தால், ஸ்டீயரிங் தோல் பளபளத்தால், டிரைவர் சீட் ஓரம் நைந்திருந்தால் ஏதோ சரியில்லை என்று அர்த்தம்.

முதலீடாகப் பார்த்தால் லாபமா?

‘தங்கம் மாதிரி, விலை ஏறிட்டே போகும்’ என்று சொல்லித்தான் இந்த கார்களை விற்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

மேலே சொன்ன சுப்ராவை எடுத்துக்கொள்வோம். 1994-ல் புதிதாக இதன் விலை சுமார் 40 ஆயிரம் டாலர். 25 வருடம் கழித்து 1,55,000 டாலர் என்றால் கிட்டத்தட்ட 4 மடங்கு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு என்று பார்த்தால் ஐந்தரை சதவீதம்தான். அதிலும் 25 வருட இன்சூரன்ஸ், நிறுத்தும் இடத்தின் வாடகை, பராமரிப்புச் செலவைக் கழிக்க வேண்டும்.

இதே காலத்தில் அமெரிக்க பங்குச்சந்தையின் எஸ் அண்ட் பி 500 குறியீடு சுமார் 466 புள்ளியில் இருந்து 2,800 புள்ளிக்குப் போனது. டிவிடெண்டை சேர்க்காமலேயே 6 மடங்கு! சாதனை விலைக்குப் போன சுப்ராவே சாதாரண இண்டெக்ஸ் முதலீட்டிடம் தோற்றிருக்கிறது.

நடுவில் விலை விழுந்திருந்தபோது வாங்கியவர்களுக்குக் கணக்கு வேறு, அவர்கள் நன்றாகவே சம்பாதித்தார்கள். கொரோனா காலத்தில் விலை எகிறிய 2021, 2022-ல் உச்சத்தில் வாங்கியவர்களுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. அதன்பிறகு சந்தை சூடு தணிந்துவிட்டது.

வரியும் முக்கியம். பிரிட்டனில் தனிநபரின் காரை விற்ற லாபத்துக்கு மூலதன ஆதாய வரி கிடையாது. அமெரிக்காவில் இதை ‘சேகரிப்புப் பொருள்’ என்று கருதி 28 சதவீதம் வரை வரி போடுகிறார்கள்.

வாங்கி ஓட்டினால் என்ன ஆகும்?

இதுதான் இந்த சந்தையின் பெரிய வேடிக்கை. ஒரு உதாரணக் கணக்கு பார்ப்போம். ஒரே மாடலில் இரண்டு கார். ஒன்று 5 ஆயிரம் மைல் ஓடியது, விலை 1,20,000 டாலர். இன்னொன்று 60 ஆயிரம் மைல் ஓடியது, நல்ல பராமரிப்பு, விலை 55,000 டாலர். வித்தியாசம் 65,000 டாலர்.

முதல் காரை வாங்கி வருடத்துக்கு 3 ஆயிரம் மைல் ஓட்டினால், 5 வருடத்தில் அது 20 ஆயிரம் மைல் கார். கூடுதலாகக் கொடுத்த பணத்தில் பெரும்பகுதி அந்த ஓட்டத்தில் கரைந்துவிடும். ஓட்டாமல் வைத்தால் பணம் தங்கும், ஆனால் காரை ரசிக்க முடியாது. 60 ஆயிரம் மைல் கார் 75 ஆயிரம் ஆனால் பெரிதாக எதுவும் குறையாது. அதே எஞ்சின், அதே சத்தம், அதே கியர்.

அதாவது ‘லோ மைலேஜ்’ காருக்கு நாம் கொடுக்கும் கூடுதல் விலை, அதை ஓட்டாமல் இருப்பதற்கான விலை.

இந்தியாவுக்குக் கொண்டுவர முடியுமா?

வீடியோ பார்த்துவிட்டு பலரும் கேட்கும் கேள்வி இது. இந்திய இறக்குமதி விதிப்படி பயன்படுத்திய கார் 3 வருடத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது, ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். இதற்கு மேல் கடுமையான சுங்க வரியும் உண்டு. 20, 30 வருடம் பழைய சுப்ரா, எஸ்2000 போன்றவை இந்த விதியில் அடிபட்டுப் போகும். ‘கொண்டுவந்து தர்றேன், அட்வான்ஸ் போடுங்க’ என்று யாராவது சொன்னால் உஷாராக இருப்பது நல்லது.

வெளிநாட்டில் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க..

* விளம்பர விலையை விடுங்கள். அதே மாடல், அதே அளவு ஓட்டத்தில் கடந்த ஒரு வருடத்தில் ஏலத்தில் முடிந்த விலைகளை எடுத்துப் பாருங்கள்.
* டயரின் பக்கவாட்டில் ‘டிஓடி’ என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 1504 என்றால் 2004-ம் ஆண்டின் 15-வது வாரத்தில் தயாரானது. பழைய டயர் என்றால் புது செட் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள்.
* வருடா வருடம் சர்வீஸ் செய்த பில் கேளுங்கள். 10 வருடம் பில்லே இல்லாத 3 ஆயிரம் மைல் காரைவிட, ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட 40 ஆயிரம் மைல் கார் மேல்.
* அந்த மாடலில் அனுபவம் உள்ள மெக்கானிக்கை வைத்து கம்ப்ரெஷன் சோதனை, பெயின்ட் தடிமன் சோதனை செய்யுங்கள். அந்த மெக்கானிக் விற்பவருக்குத் தெரிந்தவராக இருக்கக் கூடாது.
* இன்சூரன்ஸ் எடுக்கும்போது ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி கேளுங்கள். சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால், கொடுத்த விலைக்கு கிட்டேகூட வராது.

சரி, அந்த விலை நியாயமா?

குறைந்த எண்ணிக்கையில் தயாரான மாடல், மாற்றம் செய்யாத பாகங்கள், முழு ஆவணம், வருடா வருடம் பராமரிப்பு. இந்த நான்கும் இருந்து, வாங்குபவரும் அதை ஓட்டாமல் பாதுகாக்கப் போகும் சேகரிப்பாளர் என்றால் விலை நியாயம்தான். இன்னொரு கார் இதுபோல் கிடைக்காது.

ஆனால் ஆயிரக்கணக்கில் தயாரான சாதாரண மாடல், மீட்டரில் குறைந்த எண் என்ற ஒரே காரணத்துக்காக இரண்டு மடங்கு விலை சொன்னால் யோசிக்க வேண்டும். ஓட்டி ரசிக்க ஆசைப்படுபவர்களுக்கு நடுத்தர ஓட்டம், நல்ல பராமரிப்பு உள்ள கார்தான் லாபம். மிச்சமாகும் பணத்தில் புது டயர் போடலாம், பெட்ரோலும் போடலாம்.